எலும்பின் சாட்சியம்

மண்ணுள் புதைந்த எலும்பு தானாக வாய் திறந்து பேசுவதில்லை. ஆராய்ச்சியாளனே அதன் சார்பில் பேசுகிறான். அவன் கூறுவது எலும்பின் சாட்சியமா, தன் மனத்தின் ஆசையா என்று விசாரிப்பதே சாஸ்திரத்தின் தர்மமாகும். இவ்விசாரணை நமது தமிழ்நாட்டுப் பிராணியொன்றைப் பற்றி இன்னும் முடிவுறாது நிற்கிறது.

1979-ம் வருஷத்தில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு பூகர்ப்ப சாஸ்திரிகள், அரியலூர் வட்டாரப் பாறைகளில் கிடைத்த எலும்புகளுக்குத் 'திராவிடோசாரஸ் பிளான்போர்டி' என்று நாமகரணம் செய்தனர். திராவிட நாட்டின் பல்லி என்பது முற்பெயரின் பொருள். மண்டையோட்டின் ஒரு பகுதி, பல், இடுப்பெலும்புகள், தகடுகள், ஒரு முள் ஆகியவற்றைக் கொண்டு, முதுகில் தகடு வரிசை தாங்கும் 'ஸ்டெகோசார்' என்னும் கவச டைனோசார் வகுப்பில் இதனைச் சேர்த்தனர்.

இதன் முக்கியத்துவம் சாமான்யமானதன்று. ஸ்டெகோசார்கள் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் செழித்திருந்தவை. அரியலூர்ப் பாறையோ ஏறக்குறைய 9 கோடி ஆண்டுப் பிராயமுள்ளது. பிற தேசங்களில் அக்குலம் மறைந்து நெடுங்காலமான பின்னரும் நம் மண்ணில் அது உயிரோடிருந்தது என்றல்லவா இதனால் ஏற்படும்!

ஆனால் 1996-ல் சாட்டர்ஜி, ருத்ரா என்ற இரு அறிஞர்கள் இதனை மறுத்தனர். இடுப்பெலும்பும் காலெலும்பும் துடுப்புக் கால்களுடைய 'பிளெசியோசார்' என்னும் கடற்பிராணிக்கு உரியவை என்பது அவர்கள் கட்சி. அப்பாறை கடலடியில் படிந்தது என்பதும் உண்மையே. எனினும் அது ஒன்றே தீர்ப்பாகிவிடாது. நிலப்பிராணியின் உடல் ஆற்று வெள்ளத்தில் கடலை அடைவதுண்டு. கானடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் 2011-ல் ஒரு சுரங்கத்தில் அகப்பட்டு, 2017-ல் 'போரியலோபெல்டா' எனப் பெயர் பெற்ற கவச டைனோசாரும் கடற்படிவிலேயே கிடைத்தது. திராவிடோசாரஸின் மண்டையோடும் தகடுகளும் பிளெசியோசாருடையவை அல்லவென்று 2004-ல் கால்டனும் அப்சர்ச்சும் எழுதினர். எலும்புகளைப் புதிதாக விவரித்தல் வேண்டுமென்றும் வற்புறுத்தினர்.

இவ்விஷயத்தில் நமக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளை மாட்லி என்ற ஆங்கிலேயர் 1923-ல் 'லமேட்டாசாரஸ் இண்டிகஸ்' என்னும் கவச டைனோசாராக அறிவித்தார். 1935-ல் சக்கரவர்த்தி என்ற இந்திய அறிஞர், அது பல பிராணிகளின் எலும்புகள் கலந்த தொகுதி என்று வாதித்தார். இடுப்பும் காலும் மாமிசபட்சணியான டைனோசாருக்கு உரியவை என்பதே இன்றைய கொள்கை. இந்தியா என்ற பெயர் தாங்கியதற்காக அந்தப் பிழையைக் காப்பாற்ற ஓர் இந்தியர் முற்படவில்லை. அதைத் திருத்தவே முற்பட்டார். அதுவே தேசத்துக்குக் கௌரவம்.

திராவிடப் பெயர் தாங்கிய எலும்புக்கும் நீதி அதுவே. பெயரைக் கண்டு உவந்து வாளாவிருப்பதும், ஐயம் எழுந்ததென்று கைவிடுவதும் ஒருங்கே தவறு. உள்ள எலும்புகளைத் தகட்டோடு தகடும், பல்லோடு பல்லுமாக ஒப்பிட்டு மீண்டும் ஆராய்க. அரியலூர் நிலத்தில் மேலும் அகழ்ந்து தேடுக. சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளி எலும்பொன்றைக் கண்டால், அது நொறுங்குமுன் நிபுணருக்குத் தகவல் எட்ட வழி செய்க. முடிவில் அது ஸ்டெகோசாராயினும் சரி, கடற்பிராணியாயினும் சரி. உண்மையை நாமே கண்டறிந்தோம் என்ற பெருமை நம்முடையதாகும்.