மடிக்கணினியில் விளையாட்டுகள் செயலிழத்தல்

மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டு திடீரென மூடிக்கொள்வது, திரை உறைந்து நிற்பது, கணினியே அணைந்துவிடுவது ஆகியவை விளையாட்டுச் செயலிழப்பு எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் இது 'கிராஷ்' எனப்படும். இது அடிக்கடி நிகழ்ந்தால், விண்டோஸை மீண்டும் நிறுவுவதற்கோ பாகங்களை மாற்றுவதற்கோ முன்பு, செயலிழப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வகையும் வேறொரு காரணத்தைச் சுட்டுகிறது.

விளையாட்டு மட்டும் மூடுதல்

ஒரே ஒரு விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டால், அதன் கோப்புகள் சேதமடைந்திருக்கலாம். ஸ்டீம் போன்ற தளங்களில் உள்ள கோப்புச் சரிபார்ப்பு வசதி, பழுதான கோப்புகளை மட்டும் மீண்டும் பதிவிறக்கும். பல விளையாட்டுகளும் மூடினால், கிராபிக்ஸ் டிரைவர் அல்லது ராம் நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். நினைவகத்தைச் சோதிக்க விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு.

திரை கறுத்து மீளுதல்

கிராபிக்ஸ் சிப் 2 நொடிகளுக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைக்கிறது. அப்போது திரை ஒரு கணம் கறுத்து மீளும். விளையாட்டு பெரும்பாலும் மூடிவிடும். 'ஈவென்ட் வியூவர்' பதிவில் இது 4101 என்ற எண்ணுடன் காணப்படும். டிரைவரைப் புதுப்பித்த பிறகே இச்சிக்கல் தொடங்கியிருந்தால், முந்தைய பதிப்புக்குத் திரும்புவது நல்லது.

கணினி அணைந்துபோதல்

இதற்கு வெப்பமும் மின்வழங்கலும் முக்கியக் காரணங்கள். பல மடிக்கணினிகளில் செயலியும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. செயலியின் வெப்பம் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடேறினால் கணினி அணையும். மெத்தைமேல் வைத்து விளையாடுவது, காற்றுத் துளைகளில் சேர்ந்த தூசி, காய்ந்துபோன வெப்பப் பசை ஆகியவை சூட்டைக் கூட்டும்.

விளையாட்டின் பிரேம் வேகத்தை 30 ஆகக் கட்டுப்படுத்தியதும் சிக்கல் நின்றால், வெப்பம் அல்லது மின்சாரம் மீதான ஐயம் வலுப்படும். சார்ஜர் இணைந்திருந்தும் பேட்டரி அளவு இறங்கினால், சார்ஜரின் திறன் போதவில்லை எனலாம். பேட்டரி உப்பியிருந்தால் தீ ஆபத்து உண்டு. கணினியை உடனே நிறுத்தி, சேவை மையத்தில் காட்ட வேண்டும்.

கணினி அணைந்தபின் பதிவில் தோன்றும் 41 என்ற எண், அது முறையாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

சோதிக்கும் முறை

முதலில் தேவையான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். பின்னர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, விளையாடிப் பார்க்க வேண்டும். பல மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால், எது பலன் தந்தது என்று தெரியாது. செயலிழந்த நேரம், பதிவு எண், அப்போதைய வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்து வைத்தால், பழுது பார்ப்பவருக்கும் அவை உதவும்.