கடைத்தெருவின் கடமை

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். கோடையில் தண்ணீர்ப் பந்தல் அமைக்க வேண்டும். ஏழைக் குமரின் திருமணத்துக்கு உதவி வேண்டும். ஊரார் முதலில் யாரிடம் செல்கின்றனர்? கடைத்தெரு வணிகரிடம்தான்!

விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாக விளங்கும் காணை போன்ற சிற்றூர்களில், மளிகைக் கடைக்காரரும் உரக்கடைக்காரரும் வெறும் விற்பனையாளர் அல்லர். அறுவடை வரை கடன் பொறுப்பவரும், வழக்கு முற்றுமுன் இரு தரப்பையும் அமர்த்திப் பேசுபவரும் பெரும்பாலும் அவர்களே. ஆனால், அவரோடு அந்த உதவியும் மறைந்துவிடலாமா? சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

மேல்விஷாரத்தைப் பாருங்கள். தோல் வணிகத்தில் பொருளீட்டிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) அவ்வூரினர். சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தருகே பயணிகள் தங்கச் சித்தீக் சராயைக் கட்டியவர் அவர். அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1965இல், மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கிய கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி, ஜமால் முகமது சாகிப், காஜாமியான் ராவுத்தர் என்னும் இரு வணிகப் பெருமக்களின் கொடையால் 1951இல் உருவாயிற்று. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் அங்கே பயில்கின்றனர்.

இவை நிலைத்ததன் இரகசியம் என்ன? பணம் மட்டுமன்று. தனியொருவரின் ஈகை ஒரு சங்கமாக, பொறுப்பாளர்களும் கணக்கும் உடைய அமைப்பாக மாறியது. அதுவே இரகசியம்.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பெரு நிறுவனங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சிற்றூர்க் கடைக்காரரை அச்சட்டம் கட்டாது. அவரைக் கட்டுவது மனச்சான்று ஒன்றே.

ஆனால் ஓர் எச்சரிக்கை! நன்கொடை கொடுத்தவர் என்பதற்காக எடைக்குறைவை ஊர் மன்னிக்கலாகாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் தனி அத்தியாயம் (83) உண்டு. நேர்மையான தராசுதான் முதல் தர்மம். கல்வெட்டில் பெயர் அதற்குப் பின்புதான்.

வணிகச் சகோதரர்களே! பத்துக் கடைக்காரர்கள் கூடுங்கள். மாதந்தோறும் இயன்றதை ஒதுக்குங்கள். வரவு செலவை ஊரறிய எழுதி ஒட்டுங்கள். ஓர் அரசுப் பள்ளியையோ, ஒரு மாணவியின் கல்லூரிப் படிப்பையோ பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். கடை ஒருநாள் கைமாறலாம். அந்தப் பிள்ளை பெற்ற கல்வி கைமாறாது.