பக்கத்து வீட்டில் இல்லாத வாயு

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமரிக் அணுமின் நிலையத்தின் கட்டுமானம் முடியும் தறுவாயில் இருந்தது. வேலை முடிந்து கிளம்புகிறவர்களின் உடம்பிலோ உடையிலோ கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலில் கருவி வைத்திருந்தார்கள். ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் அதைத் தாண்டும்போதெல்லாம் மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின்சாரம் தயாரிக்கவே ஆரம்பிக்கவில்லை. எங்கிருந்து ஒட்டியிருக்கும்? ஒருநாள் காலை வேலைக்கு வந்தவர், உள்ளே போகாமல் நேராக அந்தக் கருவிக்குள் நுழைந்தார். மணி அடித்தது. அவர் அணு உலையிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்துதான் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

பாயர்டவுன் அருகே இருந்த அவர் வீட்டுக் காற்றைச் சோதித்தபோது, ஒரு லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடான் வாயு இருந்தது. 4 பிகோகியூரியைத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யுங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. குடும்பம் உடனே வீட்டைக் காலி செய்தது. பிறகு அந்தப் பகுதியில் வீடு வீடாக அளந்தார்கள். அக்கம்பக்கத்திலேயே சில வீடுகளில் அளவு சாதாரணமாக இருந்தது. எனக்கு 2,700 என்ற எண்ணைவிட இதுதான் பெரிய வியப்பு. அதே ஊர், அதே தெரு. ஒரு வீட்டில் சுரங்கத்தை மிஞ்சும் ரேடான், இன்னொரு வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை.

அந்த ஊருக்கு அடியில் பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சி, நியூயார்க் வழியாக நீளும் ஒரு பழம்பாறைத் தொடர் இருக்கிறது. ரெடிங் ப்ராங் என்று பெயர். அதில் ஆங்காங்கே யுரேனியம் சற்று அதிகம். யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாக முடிகிறது. வழியில் பிறக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் திடப்பொருள்கள். பிறந்த பாறையிலேயே கிடக்கும். ரேடியம் பெற்ற பிள்ளையான ரேடான் மட்டும் வாயு. நிறமில்லை, மணமில்லை. எதனோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு என்பதால் மண் இடுக்குகளில் எங்கும் சிக்காமல் நழுவி மேலே வருகிறது.

அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். இன்று நூறு அணுக்கள் இருந்தால் நாலாவது நாள் முடிவதற்குள் பாதி போய்விடும். இந்த 3.8 தான் வில்லங்கம். தோரியத்தின் வழியில் பிறக்கும் தோரான் என்ற இன்னொரு ரேடானும் உண்டு. அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதில் பெரும்பங்கு மண்ணைத் தாண்டுவதற்குள் சிதைந்துவிடுகிறது. 3.8 நாள் ரேடானுக்கோ ஒரு வீட்டுக்குள் ஏறி வந்து தங்கப் போதுமான அவகாசம் கிடைக்கிறது.

ஏறி வருகிறது என்பதைவிட வீடே அதை உறிஞ்சிக் குடிக்கிறது என்பது சரி. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகள் வழியே கசியும். கீழே அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்ப, பேஸ்மென்ட் தரையின் விரிசல்கள், குழாய் நுழையும் சந்துகள் வழியாக மண்ணின் காற்று உள்ளே வரும். எந்த வீட்டில் எத்தனை விரிசல், அடியில் எப்படிப்பட்ட மண், எவ்வளவு சூடு என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறுகிறதே, பக்கத்து வீட்டுக்காரரின் அளவு நமக்கு எதற்கு ஆகும்? பேஸ்மென்ட் இல்லாமல், வருடம் முழுக்க ஜன்னலைத் திறந்துபோட்டு வாழ்ந்த நம்மூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை. நியூஜெர்சியில் வீடு வாங்கும் பிள்ளைகள் ஃபோனில் சொல்லித்தான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 4 பிகோகியூரி என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் நொடிக்கு 148 அணுக்கள் சிதைகின்றன. அதற்கு அந்தக் காற்றில் ஏறக்குறைய 7 கோடி ரேடான் அணுக்கள் இருந்தால் போதும். கோடி என்றதும் மலைக்க வேண்டாம். அதே கன மீட்டரில் இருக்கும் காற்று மூலக்கூறுகளை எழுத 2-க்குப் பின்னால் 25 இலக்கங்கள் வேண்டும். எந்த மூக்கும் இதைக் கண்டுபிடிக்காது.

மூச்சில் போன ரேடானில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். கெடுதல் செய்வது அதன் பிள்ளைகள். ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியம் திடப்பொருள். தூசியில் தொற்றி நுரையீரலில் படிந்து, அங்கேயே ஆல்ஃபா துகளை வீசும். ஒரு காகிதத்தைக்கூடத் துளைக்க முடியாத துகள்தான். ஆனால் நுரையீரலின் உள்தோலில் உட்கார்ந்து வீசும்போது தடுக்கக் காகிதம் ஏது? ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கொன்ற நெஞ்சு நோய் நுரையீரல் புற்று என்று 1879-இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அப்போது ரேடான் கண்டுபிடிக்கப்படவே இல்லை. இன்று அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்று மரணங்கள் ரேடானால் என்பது முகமையின் மதிப்பீடு. வாழ்நாள் முழுதும் 4 பிகோகியூரியில் இருந்தால், புகைப்பவர் ஆயிரம் பேரில் 62 பேருக்கும், புகையே தொடாதவர் ஆயிரம் பேரில் 7 பேருக்கும் புற்று வரலாம் என்கிறது அது.

வீட்டில் அளந்து பார்க்கும் சோதனை எளிது. கிளர்வூட்டிய கரி நிரம்பிய சின்ன டப்பா. தண்ணீர் வடிகட்டியில் இருக்குமே, அந்தக் கரிதான். ஜன்னல்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிட்டு, ஆட்கள் புழங்கும் அறைகளில் ஆகக் கீழே உள்ளதில் இரண்டு மூன்று நாள் திறந்து வைக்க வேண்டும். பிறகு மூடி, தாமதிக்காமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் கரி பிடித்து வைத்ததும் அதே 3.8 நாள் கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். நிதானமாக அளக்க வேறொரு வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் துண்டை மூன்று மாதத்துக்கு மேல் வீட்டில் வைத்தால், ஆல்ஃபா துகள் ஒவ்வொன்றும் அதில் கண்ணுக்குத் தெரியாத காயம் செய்யும். அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் காயங்கள் குழிகளாக விரியும். நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். குளிர்காலத்தில் ஏறி கோடையில் இறங்கும் வாயுவுக்கு இந்தப் பொறுமைக் கணக்குத்தான் நம்பகமானது என்பேன்.

அளவு கூடியிருந்தால் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. தரையில் துளையிட்டு, அடியிலிருந்து ஒரு பிவிசி குழாயைக் கூரைக்கு மேல்வரை கொண்டுபோய், நடுவில் ஒரு விசிறி. வீடு உறிஞ்சுவதற்கு முன்னால் விசிறி உறிஞ்சி வானத்தில் விட்டுவிடும். வாட்ராஸ் குடும்பமும் சில மாதங்களில், சரிசெய்த அதே வீட்டுக்குத் திரும்பியது. இத்தகைய பிவிசி குழாயில் U வடிவக் குழல் ஒன்றை மாட்டியிருப்பார்கள். உள்ளே கொஞ்சம் வண்ணத் திரவம். ஒரு பக்கம் அது ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தால் விசிறி ஓடுகிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால், விசிறி நின்றுவிட்டது.