606 மீட்டர் உயரத்துக்குப் பாய்ந்த கான்கிரீட்!
நடுவழியில் நின்றிருந்தால் குழாயே கல்லாகி இருக்கும்

துபாய் நகரில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது, புர்ஜ் கலீபா. உயரம் 828 மீட்டர். 2004-ல் வேலை தொடங்கி, 2010 ஜனவரி 4-ந் தேதி திறப்பு விழா கண்ட கட்டிடம்.

அம்மாடியோவ்! அவ்வளவு உயரத்துக்கு கான்கிரீட் எப்படிப் போனது? தலையில் சட்டி சுமந்தா? கிரேனில் வாளி கட்டியா? கம்பியும் பலகையும் தூக்கவே கிரேனுக்கு நேரம் போதாது. தரையில் இருந்த ஜெர்மனி நாட்டு பம்புதான் ஒரே மூச்சில் மேலே தள்ளியது.

2008-ல் அது எட்டிய உயரம், 606 மீட்டர். 1994-ல் இத்தாலியில் ஒரு நீர்மின் நிலைய வேலையில் எட்டிய 532 மீட்டர் சாதனை முறியடிக்கப்பட்டது. கான்கிரீட்டுக்கு மேலே கோபுரத்தின் உச்சி முழுவதும் உருக்கு.

25 டன் சுமை

குழாயின் உள்விட்டம் வெறும் 6 அங்குலம். ஆனால் அடியிலிருந்து நுனிவரை நிரம்பி நிற்கும் கான்கிரீட் சுமார் 25 டன். ஐந்தாறு யானை எடை! அந்தச் சுமையைத் தாங்கவே, கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல 60 மடங்குக்கு மேல் வேண்டும். நகர்த்த இன்னும் அதிகம்.

"தண்ணியை தாராளமா ஊத்தினா ஓடிடுமே" என்று தோன்றலாம். அங்கேதான் வம்பு! இறுகிய பிறகு பலம் இருக்காது. அழுத்தத்தில் தண்ணீர் பிரிந்து முன்னே ஓட, ஜல்லி பின்தங்கிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

எனவே கலவையையே மாற்றினார்கள். கீழ்மாடிகளுக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி. உயரம் ஏற ஏற 14, பிறகு 10. வழுக்கிக்கொண்டு போக நிலக்கரிச் சாம்பலும் சேர்த்தார்கள். அதற்கும் முன்பே தரையில் நீளமாகக் குழாய் போட்டு, பல இடங்களில் வளைத்து, ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது.

ஐஸ் கலந்த கான்கிரீட்

அடுத்த எதிரி வெயில். பாலைவன வெப்பத்தில் கலவை சீக்கிரம் இறுகும். அதனால் கோடையில் இரவில்தான் வேலை. தண்ணீரில் ஒரு பங்குக்குப் பதில் ஐஸ்! தெற்காசியாவிலிருந்து போன ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் உழைப்பு இதில் உண்டு.

பம்பு கொஞ்ச நேரம் நின்றாலும் கலவை இறுகத் தொடங்கும். அடைப்பு எடுக்கும் அவசரத்தில், அழுத்தம் இருக்கும்போதே குழாய் மூட்டைக் கழற்றினால் போச்சு! ஜல்லியும் சிமெண்டும் குண்டு போலப் பாயும். ஆள் உயிருக்கே ஆபத்து. முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். பிறகுதான் மூட்டில் கை வைக்க வேண்டும்.

இந்தப் பாடம் 828 மீட்டர் கோபுரத்துக்கு மட்டும் அல்ல. நாலு மாடி வீட்டுக்குத் தளம் போடும் பம்புக்கும் இதே கதைதான்!