டூர் பேக்கேஜ் இல்லாமல் ப்ரூஜ் போகலாமா? சொகுசுக் கப்பலில் போறவங்க கவனத்துக்கு!

ஐரோப்பாவில் சொகுசுக் கப்பல்கள் நிற்கும் இடங்களில் ஒன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூக். பெயருக்கே 'கடலோர ப்ரூஜ்' என்றுதான் அர்த்தம். பழைய வணிக நகரமான ப்ரூஜின் கடல்வழி மணல் தூர்ந்துபோனதால், 1907-ல் திறக்கப்பட்ட துறைமுகம் இது. அதனால்தான் கப்பல் ஓரிடம், ஊர் வேறிடம். இடையில் சுமார் 15 கிலோமீட்டர்.

இதற்கு கப்பல் நிறுவனத்தின் டூர் பஸ் கட்டாயமில்லை. ஆனால் சரக்கு லாரிகள் ஓடும் துறைமுகத்துக்குள் நடக்க அனுமதி கிடையாது; ஷட்டில் பஸ்ஸில்தான் வெளியே வரணும். பக்கத்து ஊரான பிளாங்கன்பெர்க்கிலிருந்து ரயிலில் சுமார் 15 நிமிடம். ப்ரூஜ் ஸ்டேஷனில் இறங்கி 20 நிமிடம் நடந்தால் மார்க்கெட் சதுக்கம். அங்குள்ள 83 மீட்டர் மணிக்கூண்டுக்கு 366 படிகள். க்யூ நீளமாக இருந்தால் விட்டுடலாம், தப்பில்லை.

ஏன்னா, நேரம்தான் இங்கே சிக்கல். கப்பல் நிறுவனத்தின் டூர் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். தனியா போனவங்களுக்கு நிற்காது. அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு நம்ம தலையில்தான். கடைசி ஷட்டில் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டுக்கோங்க. போன் காட்டும் நேரமும் கப்பல் நேரமும் ஒன்றா என்றும் பார்த்துக்கோங்க.