கட்டி விற்கும் வீட்டை வாங்குமுன்

"வீட்டைக் கட்டிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்த காலத்தில், வீடு வேண்டியவனே அதைக் கட்டுகிறவனாகவும் இருந்தான். செங்கல் சூளைக்கு அவனே சென்றான். சுண்ணாம்பு அரைபடுவதை அருகில் நின்று கவனித்தான். சுவர் கோணினால் மேஸ்திரியிடம் அன்றைக்கே கோபித்துக்கொண்டான். இன்று மும்பை, பெங்களூர், புனே, தில்லியை அடுத்த நொய்டா முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம்மவரில் மிகப் பெரும்பாலோர்க்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போல் நூற்றுக்கணக்கான வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டி விற்கும் நிறுவனத்தாரிடம் அவற்றுள் ஒன்றை நாம் வாங்குகிறோம். அதுவும் பெரும்பாலும் தரையில் பள்ளம் மட்டுமே தோண்டியிருக்கும்போதே வாங்குகிறோம். கட்டுகிறவர் வேறொருவர், பார்ப்பது ஒன்றுதான் நமக்கு எஞ்சிய வேலை. இருபது ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே அடகு வைத்து நுழையும் காரியம் ஆதலால், அந்தப் பார்வையேனும் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

இத்தகைய விற்பனைக்குக் கட்டுப்பாடு தேவை என்பது புதிதாகத் தோன்றிய எண்ணமன்று. அடுக்கு வீடுகள் முதலில் பெருகிய பம்பாயை முன்னிட்டு மகாராஷ்டிர அரசு 1963-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியது. ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்று அது விதித்தது. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி ஒரு சேவையே என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 2016-இல்தான் வந்தது. கட்டட, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அச்சட்டத்தை மக்கள் 'ரெரா' என்று அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தால் வழங்குகிறார்கள். 2017 மே முதல் நாளிலிருந்து அது முழுமையாக நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டி விற்க முற்படுகிறவர், தம் திட்டத்தை மாநில ஆணையத்தில் பதிவு செய்துகொண்ட பின்னரே விளம்பரம் செய்யலாம். அதன் பின்னரே முன்பதிவுப் பணமும் பெறலாம். பதிவெண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால், ஒப்புதல் பெற்ற வரைபடம், முடித்துத் தருவதாக அவர் கொடுத்த தேதி, விற்ற வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் காணலாம். விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதியும் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அரைமணி வேலை. இரண்டும் வேறுபட்டால், பேச்சைத் தொடருவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: பதிவு என்பது தாள்கள் ஒழுங்காகத் தாக்கல் செய்யப்பட்டன என்பதற்குச் சான்றேயன்றி, கம்பியும் சிமெண்டும் சரியாக இடப்படும் என்பதற்கு உறுதியன்று.

நிலத்தின் உரிமையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நில உடைமையாளர் வேறாயின் அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இவற்றை நமக்கென்று அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டி அபிப்பிராயம் பெற வேண்டும். 'வங்கி கடன் தருகிறதே, அது பார்த்திருக்காதா?' என்று பலர் கேட்கிறார்கள். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை. நமக்காக அது பார்ப்பதில்லை.

இனி, மிகப் பலர் ஏமாறும் இடத்துக்கு வருவோம். அது பரப்பளவு. விளம்பரத்தில் 1,200 சதுர அடி என்று இருக்கும். அந்தக் கணக்கில் வெளிச்சுவர், மாடிப்படி, லிப்ட் செல்லும் கூண்டு, வரவேற்புக் கூடம் ஆகியவற்றில் நமக்கென்று ஒதுக்கிய பங்கு எல்லாம் அடங்கும். இதற்குச் 'சூப்பர் பில்ட்-அப்' பரப்பு என்று பெயர். சட்டம் ஏற்பது 'கார்ப்பெட்' பரப்பு ஒன்றைத்தான். பழைய பேச்சில் சொன்னால், வீட்டுக்குள் ஜமக்காளம் விரிக்கக்கூடிய இடம். உட்சுவர்கள் நிற்கும் இடம் அதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் கூண்டு, பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேரா. சதுர அடி 6,000 ரூபாய் என்று 1,200 அடிக்கு விலை பேசினால் 72 லட்சம் ஆகிறது. உள்ளே அளந்தால் 840 அடிதான் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாம் உண்மையில் கொடுப்பது அடிக்கு 8,571 ரூபாய். பக்கத்துத் தெருவில் அடி 6,500 என்று சொல்லும் வேறொரு கட்டடத்தில் பொது இடத்துக்கான சுமை குறைவாயிருப்பின், அதுவே மலிவாகவும் முடியலாம். ஆகவே இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது கார்ப்பெட் பரப்பைக் கொண்டே ஒப்பிட வேண்டும். ஒப்பந்தத்திலும் அந்த எண்ணையே எழுதச் சொல்ல வேண்டும். கட்டி முடித்த பின் அளவு சற்றுக் கூடியோ குறைந்தோ அமையலாம். மகாராஷ்டிரத்தின் மாதிரி ஒப்பந்தம் இந்த வேறுபாட்டை 3 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, குறைந்த பரப்புக்குரிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது.

மாதிரி வீடு என்று ஒன்றை அலங்கரித்துக் காட்டுவார்கள். அதைக் கண்டு மயங்காதவர் சிலரே. அங்கே போடப்பட்டிருக்கும் கட்டில் நம் வீட்டுக் கட்டிலின் நீளம்தானா என்று ஒரு நாடாவால் அளந்து பார்த்தால், சில இடங்களில் உண்மை விளங்கிவிடும். அறைகளுக்குக் கதவு இல்லாமலிருப்பதும் இடம் விசாலமாகத் தோன்றுவதற்கான ஓர் உபாயமே.

பணம் கொடுக்கும் முறையில் சட்டம் இரண்டு காவல்களை வைத்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. வாங்குவோரிடமிருந்து வரும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த நிலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காயர் மூவரும் வேலையின் அளவைச் சான்று செய்த பின்னரே அதிலிருந்து எடுக்கலாம். ஓரிடத்தில் வாங்கிய பணத்தைக் கொண்டு வேறோரிடத்தில் நிலம் வாங்கிப் போட்டதால் நின்றுபோன கட்டடங்கள் வட இந்தியாவில் வரிசை வரிசையாக நின்றமையே இவ்விதிக்குக் காரணம். நம் பங்குக்கு நாம் செய்யத்தக்கது, வேலை ஏற ஏறத் தவணை கொடுக்கும் முறையைத் தேர்ந்துகொள்வதாகும். 'இப்போதே பெருந்தொகை கொடுத்தால் விலையில் தள்ளுபடி. சாவி வரும்வரை வட்டியை நாங்களே கட்டுகிறோம்' என்று சொல்லும் திட்டங்களில், கடன் நம் பெயரில்தான் இருக்கிறது. அவர் வட்டி கட்டுவதை நிறுத்தினால் வங்கி நம்மைத்தான் தேடி வரும். வேலையின் நிலையை ஒட்டியே கடனை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் படிக்க வேண்டும். நாம் தவணை தாமதித்தால் கடுமையான வட்டி, அவர் வீட்டைத் தாமதித்தால் அற்பத் தொகை என்று எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இத்தகைய ஒருதலையான ஒப்பந்தம் வாங்கியவரைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கூறியது. ரெரா சட்டத்தில் இரு தரப்புக்கும் வட்டி விகிதம் ஒன்றே. சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் நமக்கு இரண்டு வழிகள் உண்டு: விலகிக்கொண்டு கொடுத்த பணம் முழுவதையும் வட்டியோடு கேட்கலாம், அல்லது காத்திருந்து, சாவி கைக்கு வரும்வரை மாதந்தோறும் வட்டி பெறலாம். கொடுத்தது 50 லட்சம், வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 41,600 ரூபாய் ஆகிறது. வாடகையும் கடன் தவணையும் சேர்த்துச் சுமக்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று.

விற்ற பிறகு வரைபடத்தை மாற்றுவது மற்றோர் உபத்திரவம். பொது இடங்களையோ கட்டடத்தின் மொத்த அமைப்பையோ மாற்ற வேண்டுமானால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். இதற்கு நொய்டாவின் இரட்டைக் கோபுரங்களைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. முதல் வரைபடத்தில் பசுந்தோட்டம் என்று காட்டிய இடத்தில், ஏற்கெனவே குடியிருந்தவர்களின் இசைவின்றி, கட்டடங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியும் விடாமல், இரு கோபுரங்கள் எழுந்தன. குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014-இல் இடிக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அதை உறுதி செய்தது. 2022 ஆகஸ்டு 28-ஆம் நாள் சுமார் 3,700 கிலோ வெடிமருந்தால் சில விநாடிகளில் அவை தரைமட்டமாயின. அதில் வீடு வாங்கியிருந்தவர்கள் பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றத்தின் துணை வேண்டியிருந்தது.

வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தூண்களுக்கிடையே உள்ள தரைத்தள இடத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. திறந்தவெளி நிறுத்தமோ எல்லார்க்கும் பொது. வரியில், நிறைவுச் சான்று கிடைக்குமுன் வாங்கினால் 2019 ஏப்ரல் முதல் சரக்கு-சேவை வரி 5 விழுக்காடு. மலிவு விலை வீடாயின் 1 விழுக்காடு. சான்று கிடைத்தபின் முதன்முதலாக விற்கப்படும் வீட்டுக்கு அவ்வரி இல்லை. முத்திரைத் தீர்வை எப்படி வாங்கினாலும் உண்டு.

இனிச் சாவி வாங்கும் நாள். குடியேறலாம் என்று நகராட்சியோ வளர்ச்சிக் குழுமமோ தரும் சான்று இல்லாமல் சாவியை ஏற்கக் கூடாது. 'எல்லாரும் குடியேறிவிட்டார்கள், சான்று அடுத்த மாதம் வந்துவிடும்' என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நீளும். மும்பையில் ஒரு குடியிருப்பு, சான்று இல்லாமையால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் சொத்துவரியும் தண்ணீர்க் கட்டணமும் செலுத்த நேர்ந்தது. அது தொடுத்த வழக்கில், சான்று பெற்றுத் தராதது சேவைக் குறைபாடே என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சான்றைக் காட்டினால்தான் மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் பணித்துள்ளது.

சாவி வாங்குமுன் வீட்டைப் பகலில் பார்க்க வேண்டும். ஒரு மழை பெய்து முடிந்தபின் பார்ப்பது இன்னும் உத்தமம். ஒரு வாளி, ஒரு கோலிக்குண்டு, ஒரு நாணயம், ஓர் அளவு நாடா, கைபேசியின் மின்னேற்றி இவை போதும். குளியலறைத் தரையில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது வடிகாலை நோக்கி ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை. கூடத்தில் கோலியைத் தரையில் வைத்தால் அது தானாக உருண்டு ஓடலாகாது. நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை இல்லாத இடம் பொள்ளென்று ஒலிக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தைத் தடவிப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். எல்லாக் குழாய்களையும் ஒருசேரத் திறந்து நீரின் விசையையும், ஒவ்வொரு மின்செருகியிலும் மின்னேற்றியைச் சொருகி மின்சாரத்தையும் சோதிக்கலாம். மின்பலகையில் கசிவைத் தடுக்கும் விசை இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியும் பார்க்க வேண்டும். கண்ட குறைகளையெல்லாம் தாளில் எழுதி, நிறுவனத்தாரின் கையொப்பமும் தேதியும் பெற்று ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேளையில், 'பூரண திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற அச்சிட்ட தாள் ஒன்றையும் நீட்டுவார்கள். குறைப் பட்டியலைக் குறிப்பிடாத அத்தாளில் கையெழுத்திட அவசரமில்லை.

வீட்டை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை, கட்டட அமைப்பிலோ வேலைத்திறனிலோ குறை தெரிந்து எழுத்தில் அறிவித்தால், அவர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் ஆணையத்தில் முறையிடலாம். பணம் கொடுக்குமாறு உத்தரவு வந்து, அதை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்தால், நமக்குச் சேர வேண்டிய முழுத் தொகையையும் கட்டிய பின்னரே அது விசாரிக்கப்படும். ஆனால் மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருப்பவரிடம் வசூலிப்பது ஆணையத்தின் கையில் இல்லை. நிலவரி பாக்கியைப்போல் வருவாய்த் துறையார் வசூலித்துத் தர வேண்டும். பலருடைய உத்தரவு அங்கேதான் தூங்குகிறது. ஆதலால் உத்தரவு கையில் கிடைத்ததும், அதன் பிரதியோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தாமே நடக்க வேண்டியிருக்கும். தனியாக நடப்பதைவிட அதே கட்டடத்தில் வாங்கிய பத்துப் பேர் சேர்ந்து நடப்பது பலன் தரும். பெரும்பாலான வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் உரிமையாளர் சங்கம் அமைய நிறுவனத்தார் வழி செய்ய வேண்டும் என்பதும் சட்டத்திலேயே உள்ளது.