இளங்கன்றுக்கு ஸ்டீராய்டு ஊசி: எச்சரிக்கை தேவை

கன்று பிறந்து நான்கைந்து நாளில் கழிச்சல் கண்டு சோர்ந்து படுத்தால் வளர்ப்பவர் மனம் பதறும். "உடனே எழுந்து நிற்கிற மாதிரி ஒரு ஊசி போடுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிப் போடப்படும் ஊசி சில சமயம் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தாக இருந்துவிடுகிறது. காய்ச்சல் தணியும், கன்று தெளிந்தது போலத் தோன்றும். ஆனால் இம்மருந்து கிருமியைக் கொல்வதில்லை. கிருமியை எதிர்க்கும் சக்தியைத்தான் அடக்குகிறது.

கன்றின் கழுத்திலிருந்து நெஞ்சுக்கூடு வரை தைமஸ் என்னும் சுரப்பி உள்ளது. எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை இங்கு வந்து முதிர்ந்து, பிறகு உடலெங்கும் காவலுக்குச் செல்கிறது. இதை அணுக்களின் நாற்றங்கால் எனலாம். ஸ்டீராய்டு இந்த இளம் அணுக்களை அழிப்பதால் சுரப்பி சுருங்குகிறது.

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடன் சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினார். அவற்றின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. பல குட்டிகள் நோயுற்று மடிந்தன. வளர்ந்த எலிகளுக்கு அவ்வளவு கேடு நேரவில்லை. பிறந்த புதிதில் இச்சுரப்பி எவ்வளவு முக்கியம் என்பது இதனால் விளங்கியது.

மருந்தால் சுருங்கிய சுரப்பி, மருந்தை நிறுத்தியபின் மீளக்கூடும். இடைப்பட்ட நாட்களில் கன்று எளிதில் நோய்க்கு இரையாகும். அப்போது போடும் தடுப்பூசியும் முழுப்பலன் தராமல் போகலாம்.

செய்ய வேண்டியவை:

* பசுவின் கருப்பை வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குச் செல்வதில்லை. சீம்பால் மூலமே கிடைக்கிறது. நஞ்சுக்கொடி விழும்வரை காத்திராமல், பிறந்த 2 மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் தேவை. 24 மணி நேரத்துக்குப் பின் குடல் இச்சத்தை ஏற்காது.

* கழிச்சலில் கன்றுகள் பெரும்பாலும் நீரிழப்பால் சாகின்றன. உப்பு, சர்க்கரை கலந்த நீரைக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

* ஊசி போடுமுன் அது என்ன மருந்து என்று கேட்டறிவது நல்லது. கடும் ஒவ்வாமை போன்ற சமயங்களில் மருத்துவரே ஸ்டீராய்டு கொடுக்கலாம். அவர் சொன்ன அளவை மீறவோ, பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கவோ கூடாது.

* நிறைசினை மாட்டுக்கு இம்மருந்தால் கன்று வீசிவிடலாம். சினையாக இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.